தகைவிலான் மார்பில் பட்டை இருந்தது

கொடிமேடைக் காவலுக்கு ஒரு விதி உண்டு. ஐயத்துக்குரிய எதையேனும் இருவர் சேர்ந்து பார்த்தால், இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்று, தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒட்டி, துறைமுக அதிகாரியிடம் சேர்க்க வேண்டும். கண்டதை எழுத வேண்டும்; காண விரும்பியதை எழுதலாகாது.

நான் கண்டதை எழுதவில்லை.

பட்டை இருந்தது. தெளிவாகப் பார்த்தேன். இல்லை என்று எழுதினேன். அதனால் ஒரு மனிதன் தன் மேடையை இழந்தான்.

அந்த விதியின் கடைசி வாக்கியத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்தவனே நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும்... விளக்கம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். அதுதான் பயமே!

நான் தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவன். எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் இருக்கலாம் என்பது எனக்கு மனப்பாடம். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். விதிப்புத்தகத்தைத் திறக்க எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. என்னைக் கேட்டால் போதும்.

இத்துடன் இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. பறவைகள்!

இன்று உப்பளக் கரைகளில் தொலைநோக்கியும் கையுமாகப் பறவை பார்க்க நிற்கும் உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. அன்று இந்தக் கடற்கரையில் அப்படி நின்றவன் நான் ஒருவனே. யுத்த காலத்தில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்துக்கொள்ள அனுமதி வேண்டியிருந்தது. அந்த அனுமதியைக் கேட்கும் மனுவை எழுதியவனும் நான், அதைப் பரிசீலித்துக் குறிப்பெழுதியவனும் நான். மனு நன்றாக எழுதப்பட்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.

வெளியூரில் சில பறவைப் பித்தர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறு சஞ்சிகையில், 1942 குளிர்காலத்துக்குப் பிறகு, என் பெயரில் ஒரு குறிப்பு அச்சேறியது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு மேல் பறக்கும் பழுப்புத் தகைவிலான்கள் சாம்பல்தொண்டை இனத்தைச் சேர்ந்தவை என்று. மொத்தம் இரண்டரை வரி. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

தகைவிலான்களைப் பிரித்தறிவது எளிதன்று. எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறு பழுப்புக் குருவிகள். உட்காராது. நிற்காது. பூச்சியைத் துரத்தி வெட்டி வெட்டித் திரும்பும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரையில்லாக் குருவி என்று ஒரே பெயரைச் சொல்லி ஜனங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். ஒருவகையில் அவர்கள்தாம் புத்திசாலிகள். சாம்பல்தொண்டைக்குத் தொண்டையும் மார்பும் மங்கலான சாம்பல். அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் வயிற்றின் வெண்மையில் கரைந்துவிடும். பட்டைத் தகைவிலானுக்குத் தொண்டை வெள்ளை, வயிறு வெள்ளை, இரண்டுக்கும் நடுவே மார்பின் குறுக்கே கோடு போட்டாற்போல் ஒரு பழுப்புப் பட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் எல்லாத் தொண்டையும் சாம்பல்தான்!

நான் கீழே நின்று பார்த்தவன். சூசை மேலே நின்று பார்த்தவன்.

சூசை எங்கள் சிக்னல்காரன். கடற்கரைத் தெருவில் பிறந்தவன். அப்பன் முத்துச்சலாபத்தில் மூழ்கி முத்தெடுத்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவன். பதவியில் எனக்கு மிகவும் கீழே. கப்பல்கள் அன்று கரைக்கு வருவதில்லை, வெகு தூரத்தில் நங்கூரமிடும். அவற்றின் கொடிகளை அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் புகை தெரியும் முன்பே அவனுக்குக் கொடி தெரியும். வாயில் சுருட்டு. ஒரு கண்ணைச் சும்மா மூடுவான். "தெரிஞ்சிட்டு" என்பான். ஏதோ எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பவன்போல...

துறைமுக அதிகாரியான வெள்ளைக்காரத் துரை ஒருமுறை என் எதிரிலேயே சொன்னார், இந்தக் கரையிலேயே சிறந்த கண்கள் இவனுடையவை என்று. என்னைப்பற்றி அவர் அப்படி ஏதும் சொன்னதில்லை. என் கோப்புகள் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

1943 டிசம்பரில் ஒரு காலை, அலை நேரப் பட்டியலைக் கொடுக்க மேடைக்கு ஏறினேன். சூசையும், அவனோடு மாற்றுக்காவல் பார்க்கும் லாசரும் இருந்தார்கள்.

"ஐயா, உங்க குருவி வந்திருக்கு" என்றான் சூசை.

"எது?"

"அதான், புஸ்தகத்துல எழுதுனியள்லா, அது. ஆனா நீங்க சாம்பல்னு எழுதுனதாச் சொன்னிய. இது கழுத்து வெள்ளையால்லா இருக்கு?"

"சாம்பல்தான் வே. தூரத்துல அப்படித் தெரியும்."

"தூரமா? எனக்குக் கீழயில்லாய்யா பறக்கு! கழுத்து வெள்ளை, அதுக்குக் கீழ குறுக்க ஒரு பட்டை, அப்புறம் மறுபடியும் வெள்ளை. கொடியில இப்படி ஒரு பட்டை இருந்து, நான் இல்லைன்னு சொன்னா, தொர என்னைய விடுவாரா?"

லாசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எண்ணேன், ஐயா புஸ்தகத்துல அச்சடிக்கும்போது மை காணாமப் போயிருக்கும். பட்டை விழல போல!"

"ஏலே, சும்மா கெட" என்று சூசை அவனை அதட்டினான். அதட்டும்போது அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. இன்று சத்தியமாகச் சொல்கிறேன், துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை! பத்து வருஷம் வெயிலில் கரைமேட்டில் நின்றவன் நான். புத்தகம் வாங்கியவன் நான். அவன் சுருட்டுப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நடுவே, கேட்காமலே வந்த தகவலாய் அதைப் பார்த்திருக்கிறான். எனக்கு எட்டாதது அவனுக்குக் கீழே பறக்கிறது!

பொறாமை என்று சொன்னால் உங்களுக்குப் பழகிய சொல்லாகப் போய்விடும். எனக்கு அது உடம்பில் இருந்தது. அவன் கண்ணைச் சுருக்குவதை நான் கண்ணாடிமுன் நின்று செய்து பார்த்திருக்கிறேன். அரசாங்கக் குமாஸ்தா, குடும்பஸ்தன், நாற்பத்தாறு வயது... ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சூசை விட்டுவிட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவன் விடவில்லை. அவனுக்கு அந்தச் சஞ்சிகையில் தன் பெயர் வர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு வரி போதும் என்றான். கடற்கரையில் பார்த்ததை வெளியூருக்கு எழுதுவதானால் அன்று எல்லாமே அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அதாவது என் வழியாக.

"முறைப்படியே செய்வோம்யா" என்றான். "தெரியாத கப்பல் வந்தா ஆளுக்கொரு சீட்டு எழுதுதோம்லா? அது மாதிரி நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டையும் சேத்துத் தொரகிட்ட குடுப்போம். அவரு கையெழுத்துப் போட்டா அங்கன அனுப்பிருவோம்."

முறைப்படி! என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பேன்?

மறுநாள் காலை மேலே நின்றோம். வாடைக்காற்று பலமாக அடித்தது. உப்பளத்திலிருந்து ஒரு கூட்டம் மேலேறி வந்தது. அதில் ஒன்று காற்றை எதிர்த்துப் பறக்க முயன்று, முன்னேற முடியாமல், எங்கள் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தரத்தில் நின்றுவிட்டது. இடையே ஒரு தோணியின் நீளம்கூட இராது. சாய்ந்தது. கிழக்கு வெயில் அதன் மார்பில் விழுந்தது.

தொண்டை வெள்ளை. அந்த வெண்மை காதுக்குப் பின்புறம்வரை வளைந்து ஏறியிருந்தது. அதற்குக் கீழே பட்டை... இரு ஓரமும் வெட்டினாற்போல் சுத்தமான பழுப்புப் பட்டை. அதன் கீழ் மீண்டும் வெள்ளை. வாலில் ஆழமில்லாத ஒரு சிறு பிளவு.

எவ்வளவு அழகு! அதை நான் சொல்லியே ஆக வேண்டும். என் வாழ்நாளில் ஒரு பறவையை அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"பாத்தியளா?" என்றான் சூசை மெதுவாக. பேசக் கூடாது என்பது விதி. அவனால் அடக்க முடியவில்லை.

முதுகைத் திருப்பிக்கொண்டோம். அவனுடைய பென்சில் சட்டைப்பையிலிருந்து வெளிவரும் சத்தம் கேட்டது. நான் என் சீட்டில், என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'தொண்டை சாம்பல். பட்டை இல்லை.'

ஏன்? என்னையே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். என் இரண்டரை வரியைக் காப்பாற்றவா? அதுவும்தான். ஆனால் அது சிறிய பங்கு. தவறாக எழுதிவிட்டேன் என்று திருத்தம் அனுப்பியிருந்தால் சஞ்சிகைக்காரர்கள் மெச்சியிருப்பார்கள். அவன் சரியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை... அதுதான். வேறு பெரிய காரணம் கிடைக்குமா என்று தேடித்தேடி ஓய்ந்துவிட்டேன்.

இத்துடன் நின்றிருந்தால் இது ஒரு குருவியைப் பற்றிய பொய். அவ்வளவே.

இரண்டு சீட்டுகளும் கோப்பாகி என் மேசைக்கு வந்தன. சாதாரணமாக, 'இரண்டும் ஒத்துவரவில்லை, அனுப்ப வேண்டியதில்லை' என்று எழுதினால் போதும். நான் அதை எழுதினேன். பேனாவை மூடி வைத்தேன். மீண்டும் திறந்தேன். அடியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: 'சிக்னல்காரரின் பார்வையில் ஐயம் எழும்போது பின்பற்ற வேண்டிய விதி இங்கே பொருந்துமா என்பது உத்தரவுக்கு.'

கேள்விதான்! குற்றச்சாட்டு அன்று. நாற்பது வருஷம் அலுவலகத்தில் இருந்தவனாலும் குறை கண்டுபிடிக்க முடியாத சுத்தமான கேள்வி. அந்த விதியின்படி, ஐயம் கோப்பில் ஏறிவிட்டால் சிக்னல்காரன் மேடையிலிருந்து இறங்க வேண்டும். கண் சோதனை நடந்து, மேலிடத்திலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை மீண்டும் ஏறக் கூடாது. யுத்த காலம். இல்லாத பட்டையைக் காண்பவன் நாளை இல்லாத கொடியைக் காண மாட்டானா? துரை ஒரே சொல்லில் எழுதினார்: 'பொருந்தும்.'

சூசையைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பஞ்சுப்பொதிகளுக்கு அடையாள எண் எழுதும் வேலையில் போட்டோம். தற்காலிகமாக. உத்தரவில் அந்தச் சொல்லை நான் அடிக்கோடிட்டேன். சீட்டுகள் ஒத்துவரவில்லை என்று மட்டும் அவனிடம் சொன்னேன்; என் கண்ணுக்குச் சாம்பலாகத்தான் பட்டது என்று அவன் நம்பிக்கொண்டான்.

அவன் பாளையங்கோட்டைக்குப் போய்க் கண் சோதனை முடித்து வந்த அன்று கிட்டங்கியில் ஒரே சிரிப்பு. "டாக்டரு அட்டையில கடைசி வரியப் படின்னாரு" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "படிச்சேன். அதுக்கும் கீழ பொடியா ஒண்ணு இருந்துது, அதையும் படிச்சேன். டாக்டரு எந்திரிச்சு வந்து கிட்டத்துல பாக்காரு... அட்டை அடிச்ச அச்சாபீஸ் பேராம்லா அது! இத்தனை வருஷமா அங்கன ஒண்ணு எழுதியிருக்கதே அவருக்குத் தெரியலையாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்போ நாளைக்கு ஏறிரலாமாய்யா?"

"டாக்டர் சொன்னாப் போதாது வே. மேலிடத்துக் காயிதம் வரணும்."

"உங்க கையிலல்லா இருக்கு, அப்புறம் என்ன? சீக்கிரம் வந்துரும்" என்றான்.

இந்த ஒரு வாக்கியம்... உங்களிடம் யாராவது இப்படிச் சொல்லி, நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து நின்றதுண்டா?

மேலிடத்திலிருந்து வந்தது பதில் அன்று, ஒரு வினா. மருத்துவர் பார்வை குறையற்றது என்கிறார். உடன் பார்த்தவரோ வேறு எழுதியிருக்கிறார். உடன் பார்த்தவர் தம் சீட்டில் எழுதியதை இன்னும் உறுதி செய்கிறாரா? ஒரு வரியில் தெரிவிக்கவும்.

ஒரு வரி! 'உறுதி செய்யவில்லை' என்று நான் எழுதினால் முடிந்தது. சூசை அந்த வாரமே மேலே ஏறியிருப்பான். 'உறுதி செய்கிறேன்' என்று எழுத எனக்குத் துணிவில்லை. மருத்துவர் எழுதிய பிறகு அது என்மேலேயே திரும்பும். ஆகவே எதையும் எழுதவில்லை. அந்தத் தாளை 'பரிசீலனையில்' என்ற கட்டுக்குள் வைத்து என் மேசையின் இழுப்பறையில் போட்டேன். மேலிடம் நினைவூட்டினால் பதில் சொல்ல வேண்டும். யுத்த நெருக்கடியில் அவர்கள் நினைவூட்டவில்லை. துரை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு அந்தக் கோப்பைக் காட்ட எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு வருஷம்.

மாதம் ஒருமுறை சூசை என் அறை வாசலில் வந்து நிற்பான். உள்ளே வர மாட்டான். "காயிதம் வந்திட்டாய்யா?" "இல்ல வே." "சரிய்யா." அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால், என்னைச் சந்தேகித்திருந்தால், எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அவனை இறக்கியதோடு என் வயிற்றெரிச்சல் அடங்கியது என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள். 1945 தொடக்கத்தில் ஒரு நாள் அவன் என்னைக் கிட்டங்கிக்குக் கூப்பிட்டான். கூரையின் முகட்டருகே இரண்டு குருவிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இது ரெண்டும் வேற ஜாதிய்யா. பட்டைக்காரனும் இல்ல, சாம்பலும் இல்ல. அடியிலயும் கறுப்பு பாருங்க, வெள்ளையே கெடயாது. வாலு வெட்டுனாப்ல நேரா இருக்கு. விரிச்சாத்தான் தெரியும், முத்து கோத்தாப்ல வெள்ளைப் புள்ளி. இப்பம் விரிக்கும்... அந்தா!"

மலைப்பாறைகளில் வாழும் கருந்தகைவிலான் அது. எங்கள் கடற்கரையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. பொதிகளுக்கு நடுவே, அரை இருட்டில், தொலைநோக்கி இல்லாமல் அவன் மூன்றாவது இனத்தையும் பிரித்துவிட்டான். நான் அண்ணாந்து பார்த்தேன். வால் விரிந்தது, புள்ளிகள் எனக்குத் தெரியவில்லை. அவன் ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுது" என்றேன்.

அது இன்னொரு பொய். முதலில் கண்டதைக் காணவில்லை என்றேன். இப்போது காணாததைக் கண்டேன் என்றேன். அவனைத் தரைக்குக் கொண்டுவந்த பிறகும் அவன் என்னைவிட உயரத்திலேயே நின்றான்! அன்று அலுவலகம் திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். எடுத்து, இன்னும் அடியில், பழைய கட்டுகளுக்குக் கீழே வைத்தேன்.

1946 ஜனவரியில் ஓய்வு பெறுவோர் பட்டியல் என் கைக்கு வந்தது. சூசைக்கு ஐம்பத்தைந்து நிறைகிறது. பிப்ரவரி கடைசித் தேதியோடு வேலை முடிகிறது. அந்தப் பட்டியலைச் சரிபார்த்தவனும் நானே.

பிற்பகலில் அவன் வந்தான். இந்த முறை வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? காயிதம் வரலைன்னாலும் பரவால்ல. கடைசி ஒரு நாள் மட்டும் மேல நிக்கட்டுமா? கிட்டங்கியிலருந்து வீட்டுக்குப் போனா, கண்ணு தெரியாம எறக்குனாங்கன்னுல்லா தெருவுல பேசுவான். இப்பமே பேசுதான். என் பொண்டாட்டிகிட்ட ஒருத்தி, ஒம் மாப்பிள்ளைக்கு ஒன்னையத் தெரியுதா ஏளான்னு கேட்டிருக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண்கள் சிரிக்கவில்லை.

"விதியில இடமில்ல வே" என்றேன். அது உண்மை. நான் அவனிடம் சொன்ன மிகச் சில உண்மைகளில் ஒன்று.

அவன் போன பிறகு தாளை எடுத்தேன். இரண்டு வருஷத்துப் பழுப்பு ஏறியிருந்தது. ஒரு வரி எழுதினேன்: 'உடன் பார்த்தவர் தம் சீட்டில் எழுதியது தவறு.' தவறு என்றே எழுதினேன். பொய் என்று எழுதவில்லை. கவனித்தீர்களா? என்னைத் திருத்திக்கொண்ட அந்த ஒரு வரியிலும் எனக்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். தவறு எவருக்கும் நேரும். வெயில், காற்று, வயது... மேலிடம் அப்படித்தான் படித்திருக்கும்.

அவசரம் என்று குறியிட்டு அனுப்பினேன். வாரம் ஒருமுறை நினைவூட்டினேன். தந்தியும் அடித்தேன். நான் அனுப்பாத நினைவூட்டல்களையெல்லாம் சேர்த்து அந்த ஒரு மாதத்தில் அனுப்பினேன்! பதில் வரவில்லை.

பிப்ரவரி கடைசித் தேதி மாலை, சூசை மை படிந்த கையோடு கிட்டங்கியிலிருந்தே வீட்டுக்குப் போனான். போகும்போது என் அறைக்கு வந்தான். "உங்களால முடிஞ்சதச் செஞ்சிய" என்றான். கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

அவனிடம் நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு கடற்கரைத் தெருவில் எதிரெதிரே வந்த எத்தனையோ நாள்களிலும் சொல்லவில்லை. அவன் இருந்தவரை சொல்லவில்லை. சஞ்சிகைக்கும் எழுதவில்லை, என் இரண்டரை வரி இன்றும் அச்சில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து உங்களில் யாராவது தூத்துக்குடியில் சாம்பல்தொண்டை உண்டு என்று குறித்து வைத்திருந்தால், அடித்துவிடுங்கள்.

பார்வை குறையற்றது, சிக்னல்காரரை உடனே கொடிமேடைப் பணிக்குத் திருப்பவும் என்ற மேலிடத்துப் பதில், என் கைக்கு வந்து, நானே பிரித்து, நானே வரவு முத்திரை குத்திய நாள்: 1946 மார்ச் பதினொன்று, திங்கட்கிழமை.